கயிற்றை இழுத்தும் நிற்காத பெல்ட்

என் மருமகளை ஆலையில் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம், ஓய்வில்லாத நடை, வாயைத் திறந்தால் எறும்புப் பேச்சு. பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. "யானைன்னு கூப்பிடலையே அத்தை, அதுவரைக்கும் நல்லது" என்பாள்.

அவள் செய்த தப்பையும் சொல்வேன், என் மகன் செய்ததையும் சொல்வேன். ஒருத்தரைக் காப்பாற்ற இன்னொருத்தரை மூடி மறைப்பது எனக்கு வராது. பெற்ற மகனாயிற்றே என்று யாராவது சொன்னால், ஆமாம், பெற்றவள்தான், அதனால்தான் சொல்கிறேன்.

அவளுடைய அப்பா மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். வேலையில் கெட்டிக்காரர், கோபத்தில் அதைவிடக் கெட்டிக்காரர். இடுப்பு வாரைக் கழற்றினால் அது ஓய்வதற்குள் பிள்ளையின் முதுகில் தோல் இருக்காது. அடித்து முடித்ததும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். வெளியே கிடக்கிற பெண் என்ன செய்வாள்? சுவரோரம் போகிற எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வரிசைக்குக் குறுக்கே விரலால் அழுத்தித் தேய்ப்பாள். எறும்புகள் குழம்பும், சிதறும், பத்து நசுங்கிச் சாகும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பக்கமாக வரிசை கூடிவிடும். "யாரும் அதுங்களுக்கு உத்தரவு போடல அத்தை. ராஜா கிடையாது, மேஸ்திரி கிடையாது. பக்கத்துல இருக்கறதை மட்டும் பாத்துக்கிட்டே மொத்த வேலையும் நடந்துடுது" என்று கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னாள். பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு எறும்பைப் பற்றிப் பேசுகிற பெண்ணை என்ன செய்வது என்று எனக்கு அப்போது கவலையாக இருந்தது.

கம்பி சுற்றுவதை அப்பாவிடம் கற்றுக்கொண்டாள். அதற்கு மேலே படித்ததெல்லாம் அவளே படித்தது. எங்கள் ஊர் கண்ணாடி ஆலையில் மின்சார வேலைக்குச் சேர்ந்தாள். என் மகன் அங்கே பெல்ட் வரிசையில் மேஸ்திரி. அப்படித்தான் சம்பந்தம் ஆனது.

அந்த ஆலையில் என்ன வேலை என்றால், உடைந்த பாட்டிலும் ஜன்னல் கண்ணாடியும் லாரி லாரியாக வரும். எழுபது அடி நீளத்துக்கு ஒரு ரப்பர் பெல்ட். அதன்மேல் கண்ணாடிச் சில்லுகள் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மூடி, கல், தகரம் எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பார்கள். பெல்ட்டின் கடைசியில் இரும்பு உருளை. மேலே விழுந்ததை மாவாக அரைத்துவிடும். அங்கே வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்தால் தெரியும், வெட்டுப்படாத இடம் ஒரு விரற்கடை இருக்காது.

முன்பு அந்த பெல்ட் முழுவதையும் ஒரே ஒரு பெரிய பெட்டிதான் ஆட்டிவைத்தது. மேனேஜர் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்டு, குளிர்காற்று விட்டு, சாமி மாதிரி வைத்திருந்தார்கள். அந்தச் சாமிக்கு மாதம் இரண்டு தடவை காய்ச்சல் வரும். வந்தால் மொத்த ஆலையும் படுத்துவிடும். மேனேஜர் குதிப்பார். ஒருநாள் என் மருமகள் போய், "சார், ஒரே மூளை எதுக்கு? பெல்ட்டுக்கு அடியில இருபத்திநாலு மோட்டார் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டிப் பெட்டி வச்சுடலாம். அதுங்களே பேசி முடிவு பண்ணிக்கும்" என்றாள்.

"பெட்டிங்க பேசுமா? உங்க வீட்ல உங்களையே பேச விடமாட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே" என்றாராம் மேனேஜர். என் மகன் வீட்டில் கை ஓங்குகிறவன் என்பது ஆலைக்கே தெரியும்.

ஆனாலும் செய்து காட்டு என்று விட்டார். எங்கள் சாப்பாட்டு மேசைதான் அவளுக்குப் பட்டறை ஆனது. தீப்பெட்டி அளவில், உதிரியும் சேர்த்து நாற்பது பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விளக்கு. ஒவ்வொரு பெட்டியும் இடப்பக்கத்துப் பெட்டியையும் வலப்பக்கத்துப் பெட்டியையும் கேட்டுக்கொண்டே இருக்கும்: இருக்கியா? அது சொல்லும்: இருக்கேன். கண் இமைக்கிற நேரத்தில் பத்துத் தடவை கேட்குமாம். பதில் வரவில்லை என்றால் எல்லாப் பெட்டியும் நின்று கொஞ்சம் பொறுக்கும். அப்புறமும் வரவில்லை என்றால் பக்கத்துப் பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, அதன் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். எனக்கே புரிகிற மாதிரி சொல்லித் தந்தாள்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகன் குடித்துவிட்டு வந்தான். மேசையில் தட்டு வைக்க இடமில்லை. "சோறு போடற எடத்துல குப்பையைப் பரப்பி வச்சிருக்கியாடி?" என்று கத்திக்கொண்டு சுத்தியலை எடுத்தான். நான் அடுப்பிலிருந்து திரும்புவதற்குள் நாலு பெட்டி நொறுங்கியது. ஐந்தாவது அடி அவள் தோளில் விழுந்தது. அது பெட்டிக்கு வைத்த குறியா அவளுக்கு வைத்த குறியா என்று இன்றுவரை அவன் சொன்னதில்லை, நானும் கேட்பதை விட்டதில்லை. துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, கட்டை ஒடிகிற வரைக்கும் அவன் முதுகில் வெளுத்தேன். முப்பத்தைந்து வயசு மகனை.

அவள் அழவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தபடி நின்றாள். நொறுங்கிய நாலு போக மீதி விளக்குகள் கொஞ்ச நேரம் தடுமாறின. அப்புறம் பழையபடி வரிசையாக எரிந்தன.

"பாத்தீங்களா அத்தை! அடிச்சாலும் நிக்கல!"

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, அவள் தோளுக்கு எண்ணெய் எடுக்கப் போனேன்.

பெட்டிகளை ஆலையில் மாட்டினார்கள். ஒரு வருஷம் பெல்ட் ஒருநாள்கூடப் படுக்கவில்லை. மோட்டார் எரியும், எலி கம்பியைக் கடிக்கும், தண்ணீர் இறங்கும், எது நடந்தாலும் பக்கத்து மோட்டார்கள் பெல்ட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

பெல்ட்டின் ஓரமாக ஒரு சிவப்புக் கயிறு ஓடும். யாருக்காவது ஆபத்து என்றால் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் ஒரு இரும்புக் கொக்கி கீழே விழுந்து மாட்டிக்கொள்ளும், பெல்ட் முழுக்க நின்றுவிடும். கொக்கியைக் கையால் மேலே தள்ளினால்தான் மறுபடி ஓடும். கல் சிக்கினாலும் கயிற்றை இழுக்கிறார்கள், கையுறை கழன்றாலும் இழுக்கிறார்கள் என்று மேனேஜருக்கு எரிச்சல். நடைவழியில் போய்க்கொண்டிருந்தவளை நிறுத்தி, "ஏம்மா எறும்பு, கயித்தை இழுத்தா எல்லாம் எதுக்கு நிக்கணும்? அந்த எடத்துல இருக்கற மோட்டாரும் பெட்டியும் மட்டும் அணையட்டும். எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லிட்டேன். சரிதானே?" என்றார்.

"சரி சார்" என்றாள்.

கையில் வேறு வேலை இருந்தது, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அணையட்டும் என்ற அந்த ஒரு சொல்லை அவள் நின்று யோசிக்கவில்லை.

நெட்டை என்று ஒருவன் என் மகனின் வரிசையில் வேலை செய்தான். வாய்த்துடுக்கு, ஆனால் வேலைக்காரன். அவனுடைய அண்ணன்தான் கடைசியில் இருக்கிற அரவை உருளையைப் பார்த்துக்கொள்கிறவன். கயிற்றை மாற்றின அந்த வாரம் நெட்டைக்கும் என் மகனுக்கும் தகராறு. எல்லார் முன்னாலும் என் மகன் அவனைக் கன்னத்தில் அறைந்திருக்கிறான். "இருடா, உன்னை அந்த உருளைக்குள்ளயே தள்றேன்" என்றும் சொல்லியிருக்கிறான். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன்தான், ஆனால் பேசியதை முப்பது பேர் கேட்டிருக்கிறார்கள்.

அறைந்ததற்கு நாலாவது நாள், காலை பத்து மணி. நெட்டை ஒரு தகரத்தைப் பிடுங்கக் குனிந்தான். சட்டைக் கை பெல்ட்டுக்கும் அதை அடியில் தாங்குகிற உருளைக்கட்டைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. என் மகன் பாய்ந்து கயிற்றை இழுத்தான். பெல்ட் நின்றது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். நெட்டை சிரித்தானாம். "மேஸ்திரி, உங்களுக்கு என்மேல இவ்வளவு பாசமா?" என்று கேட்டுக்கொண்டே, சிக்கின துணியை எடுக்க இன்னொரு கையையும் உள்ளே விட்டான்.

பெல்ட் மறுபடி ஓடியது.

இரண்டு கையும் முழங்கை வரைக்கும் உள்ளே போனது. பிறகு தோள். கண்ணாடிச் சில்லுகளின்மேல் முகம் தேய்ந்துகொண்டே போனது. கழுத்து எலும்பு முறிந்த சத்தம் பெல்ட் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம். அண்ணன்காரன் ஓடிப்போய்ப் பெரிய ஸ்விட்சை இறக்கினான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என் மகன்.

"கொக்கியை நீதான்டா தள்ளின! தள்ளிட்டியேடா, பாவி!"

அண்ணன்காரன் கம்பியோடு வந்தான். மற்றவர்கள் மண்வெட்டிக் காம்பு, பூட்ஸ் கால், எது கிடைத்ததோ அதோடு வந்தார்கள். நின்றது மறுபடி ஓடினால் யாராவது தள்ளித்தானே ஆகவேண்டும்? வேறு எப்படி ஓடும்? அந்தக் கூட்டத்தில் கொக்கி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று ஒருத்தனும் பார்க்கவில்லை. என் மகனின் ஆறு விலா எலும்பு உடைந்தது. ஒரு காது பாதி கிழிந்து தொங்கியது. போலீஸ் வந்திராவிட்டால் அவனையும் பெல்ட்டிலேயே போட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைவிலங்கு மாட்டிப் படுக்கவைத்தார்கள். கொலை வழக்கு.

போய்ப் பார்த்தேன். வீங்கின வாயால் ஒரே ஒரு பேச்சுதான் பேசினான். "நான் இழுத்தேம்மா. விடவே இல்லம்மா."

பொய் சொல்கிறபோது அவன் என் கண்ணைப் பார்க்கமாட்டான். அன்றைக்குப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தால் ஜன்னல் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆலை ஆட்கள் கல்லெறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சில்லுகளுக்கு நடுவில் மேசைமேல் மீதிப் பெட்டிகளைப் பரப்பி வைத்து என் மருமகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெட்டியை அணைப்பாள். எண்ணுவாள். ஏழு எண்ணுவதற்குள் பக்கத்துப் பெட்டிகள் விழித்துக்கொண்டு அதன் வேலையை இழுத்துக்கொள்ளும். மறுபடி அணைப்பாள். மறுபடி எண்ணுவாள்.

"அத்தை, அவர் நிறுத்தினாரு. அந்த மோட்டார் நின்னுச்சு, மத்ததும் நின்னு பொறுத்துச்சு. ஆனா பெட்டியும் சேந்து அணைஞ்சுது. பக்கத்துப் பெட்டிங்க கேட்டுருக்கு, பதில் இல்ல. செத்துட்டான்னு முடிவு பண்ணி பெல்ட்டை இழுத்துடுச்சு. வேணும்னே நிறுத்தறதுன்னு ஒண்ணு இருக்குன்னே அதுங்களுக்குத் தெரியாது. நான் சொல்லிக் குடுக்கல."

"அப்போ என் மகன் கொல்லல?"

"கொல்லல. நான்தான்."

"வா, போலீஸ்ல சொல்லு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மேனேஜர் ஆள் அனுப்பினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு ஒன்றும் வராது, வெள்ளிக்கிழமை காலை ஃபிட்டர் வந்து எல்லாப் பெட்டியையும் கழற்றிவிடுவான், அப்புறம் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

நான் மனசில் நினைத்ததை அப்படியே சொல்கிறேன். இவள் பழி வாங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை கேட்டேவிட்டேன்.

"அவன் உன்னை அடிச்சதுக்கு இதுவா கணக்கு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு நாளா அதைத்தான் அத்தை யோசிக்கறேன். அவர் உள்ள போனா இந்த வீட்ல சத்தம் இருக்காது. நான் ஒண்ணுமே பண்ண வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். நெனைக்கவே எவ்வளவு சொகமா இருக்கு தெரியுமா?"

இவ்வளவு பச்சையாகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தோளில் பழைய அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைப் பொறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். "போலீஸ் ஸ்டேஷனுக்கா?" என்றேன்.

"பேப்பர்ல எழுதிக் குடுத்தா ஃபிட்டர் கழட்டினதுக்கு அப்புறம்தான் படிப்பாங்க. ஆலைக்குப் போறேன். அவங்க கண்ணாலயே பாக்கட்டும்."

"கொன்னுடுவாங்கம்மா."

"நீங்க வராதீங்க."

வராதே என்றால் நான் வராமல் இருப்பேனா? செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஆலையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அன்றுதான் மறுபடி வேலை ஆரம்பம். ஃபிட்டர் ஒரு பெட்டியின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி எறிந்தாள். அந்தக் குள்ள உடம்புக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ. "பெல்ட்டைப் போடுங்க! ஒரே ஒரு தடவை போடுங்க! அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க!"

மேனேஜர், "இவளை வெளியே தள்ளு" என்றார். நெட்டையின் அண்ணன் கையை நீட்டித் தடுத்தான். தம்பியைப் புதைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, கண் இரண்டும் ரத்தமாக இருந்தன. "போடு. என்ன கூத்துன்னு பாப்போம்" என்று சொல்லி அவனே பெரிய ஸ்விட்சை ஏற்றினான்.

பெல்ட் ஓடியது. ஒரு பழைய சட்டையில் கந்தல் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதை நெட்டை சிக்கின இடத்திலேயே சொருகினாள். கயிற்றை இழுத்தாள். கொக்கி விழுந்து மாட்டியது. பெல்ட் நின்றது.

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். கயிற்றுக்குப் பக்கத்தில்கூட யாரும் இல்லை. "எண்ணுங்க" என்றாள்.

யாரோ எண்ணினார்கள். ஏழு வரவில்லை. பெல்ட் ஓடியது. சட்டை உள்ளே போனது, கிழிந்தது, கந்தல் வெளியே பிதுங்கியது. கொக்கி இறங்கினபடியே மாட்டியிருந்தது. இரண்டாவது தடவையும் செய்து காட்டினாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

"மேஸ்திரி கொக்கியைத் தள்ளல. நான் செஞ்ச பெட்டிங்க இழுத்துச்சு. நின்னதுக்கும் செத்ததுக்கும் வித்தியாசம் நான் வைக்கல. கயித்தை மாத்தும்போது மேனேஜர் என்கிட்ட கேட்டாரு, நான் சரின்னேன்."

மேனேஜர் தன் அறைப் பக்கம் மெல்ல நகர்ந்தார். நாலு பேர் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன்காரன் மேனேஜரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மருமகளின் முடியைப் பிடித்து இழுத்துப்போய், வலது கையை பெல்ட்டின் இரும்பு விளிம்பில் வைத்து அழுத்தினான்.

"இந்தக் கைதானே செஞ்சுது?"

"ஆமா."

கம்பியை ஓங்கி இறக்கினான். விறகு பிளக்கிற மாதிரிச் சத்தம். இரண்டாவது தடவை ஓங்கும்போது நான் அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன். என்னிடம் இருந்ததே ஏழு பல், அதில் இரண்டை அவன் எலும்பிலேயே விட்டேன். என்னை உதறினான், நான் சில்லுக் குவியலில் போய் விழுந்தேன், முழங்கையில் இன்னும் ஒரு கண்ணாடித் துண்டு உள்ளேயே இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். அண்ணன்காரன் மூன்றாவது தடவை ஓங்கவில்லை. நசுங்கிக் கிடந்த அந்தக் கையைப் பார்த்தான். கம்பியைப் போட்டுவிட்டு, "நாலு நாளா அந்த ஆள் கத்திக்கிட்டே இருந்தாரு, நான் இழுத்தேன் இழுத்தேன்னு" என்று யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னான்.

அவளை லாரியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கை முழுக்கத் துணி சுற்றி, ரத்தம் சொட்டச் சொட்ட, அந்த நிலையிலும் லாரியில் ஏறுமுன் ஃபிட்டரைக் கூப்பிட்டாள். "பெட்டியைக் கழட்டாதீங்க. போலீஸ் பாக்கட்டும். அப்புறம் நான் சொல்றதைக் கேட்டு மாத்துங்க. கயித்தை இழுத்தா பெட்டி அணையக் கூடாது. அது முழிச்சுக்கிட்டு, நான் நிக்கிறேன், நீயும் நில்லுன்னு ரெண்டு பக்கமும் சொல்லணும். அடுத்தது அதுக்கு அடுத்ததுகிட்ட சொல்லணும். இருபத்திநாலும் நிக்கணும்." பிறகுதான் மயங்கினாள்.

பதினோராம் நாள் என் மகனின் கைவிலங்கைக் கழற்றினார்கள். வழக்கு மேனேஜர் பேரிலும் இவள் பேரிலும் திரும்பியது, அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கூப்பிடுகிறபோதெல்லாம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வருகிறாள். வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார்.

அவன் வீட்டுக்கு வந்த அன்று, அவள் பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கட்டு. கிழிந்த காது கேட்காததால் என் மகன் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான்.

"என்னைக் காப்பாத்தின. இப்ப எங்க போற?"

"நீங்க செய்யாத ஒண்ணுக்காக உங்களை விட்டுட்டுப் போனேன்னு இருக்கக் கூடாது. அதுக்குத்தான் போய்ச் சொன்னேன். இனிமே நான் போறது நீங்க செஞ்சதுக்காக."

அவனுக்குக் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன், வரவில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே போய் என் இரண்டு புடவையையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"அம்மா, நீயுமா? நீ யாருக்கு அம்மா, எனக்கா அவளுக்கா?"

"உனக்குத்தான்டா. ஆனா உனக்கு ரெண்டு கை இருக்கு, அவளுக்கு இப்ப ஒண்ணுதான். நகரு, அந்த மூட்டையை எடு. தெருமுனை வரைக்கும் தூக்கிட்டு வா."

தூக்கிக்கொண்டு வந்தான்.